மறுக்கப்பட்ட கடைசி மனிதர்

ஆல்டோரா அட்டை நிறுவனம் தன் நூறாவது பிறந்தநாளைக் கொண்டாடத் தொடங்கியபோது அதற்கு ஒரு வரலாறு தேவைப்பட்டது. வரலாறு ஏற்கெனவே இருக்கத்தான் செய்தது. ஆனால் அது அவ்வளவு அழகாக இல்லை. ஆகவே நாற்பது மொழிகளில், தடித்த தாளில், ஓரங்களில் பொன்முலாம் பூசிய புதிய வரலாறு ஒன்றைத் தயாரிக்கும் வேலை சென்னை அலுவலகத்தின் மரபுப் பிரிவுக்கு வந்தது. ஜெனீவாவில் எழுதினால் மூன்று மடங்கு செலவாகும் என்பது இதற்குக் காரணமில்லை என்று சுற்றறிக்கை தெரிவித்தது. யாரும் கேட்காதபோதே தெரிவித்தது.

எழுத வேண்டியவள் நறுமுகை. வயது முப்பத்தொன்று. சிறுசேரி வளாகத்தின் பதினேழாவது மாடியில் ஆறு ஆண்டுகளாக வேலை. நிறுவனத்தின் அருங்காட்சியகமும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. காலையில் அவள் தெருவுக்கு வந்தால் வண்டி வந்து நிற்கும், வளாகத்தின் கதவு திறக்கும், மின்தூக்கி அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் பிளக்கும். உலகம் இப்படித்தான் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். வெயிலில் நடந்து போகிறவர்களை வண்டியின் கண்ணாடி வழியே பார்க்கும்போது, நடப்பது உடம்புக்கு நல்லது என்று அவர்கள் நடக்கிறார்கள் என எண்ணிக்கொள்வாள்.

வரலாற்றின் முதல் அத்தியாயம் எளிதாக முடிந்தது. ஏரிக்கரை ஊர் ஒன்றில் உணவு விடுதி நடத்திய ஹார்லன் விட்காம் என்பவர், சாப்பிட்டு முடித்த கனவான்கள் சட்டைப்பையைத் தடவித் தவிப்பதைக் காணச் சகிக்காமல், ஒரு அட்டைத் துண்டில் அவர்கள் பெயரை எழுதிக் கையில் கொடுத்தார். அட்டை வைத்திருப்பவர் இரண்டு மடங்கு சாப்பிடுகிறார் என்பதை அவர் இரண்டாவது வாரமே கண்டுபிடித்துத் தன் மைத்துனருக்குக் கடிதம் எழுதியிருந்தார். நறுமுகை அந்தக் கடிதத்தை அத்தியாயத்தில் சேர்த்தாள். அவளுடைய மேலாளர் அத்வைத் அதை எடுத்துவிட்டு ‘நம்பிக்கையின் முதல் விதை’ என்று தலைப்புப் போட்டார்.

இரண்டாவது அத்தியாயத்தில் நிறுவனம் ஒரு மாகாணம் முழுவதும் அறுபதாயிரம் வீடுகளுக்கு, எவரும் கேட்காமலே, அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. இறந்துபோன பதினொரு பேருக்கும் ஒரு நாய்க்கும் சேர்த்து அனுப்பியது. அந்த மாகாணத்தில் ஒரு தவணையும் தவறாமல் கட்டியது நாய் மட்டும்தான் என்று பழைய கோப்பு ஒன்று சொன்னது. அதையும் அத்வைத் எடுத்துவிட்டார். பிறகு அட்டைக்கு இயந்திரம் வந்தது, இயந்திரத்துக்குப் பதில் கைபேசி வந்தது, கைபேசிக்குப் பதில் முகமே போதும் என்றானது. கடைசியில் அட்டையே ஒழிந்து போயிற்று. பெயரில் மட்டும் அட்டை இருந்தது.

கடைசி அத்தியாயம்தான் நிறுவனத்தின் பெருமை. பத்து ஆண்டுகளாக உலகத்தில் எங்கும், எவரிடமும், ஆல்டோரா ‘இல்லை’ என்று சொன்னதில்லை. ஒரு மறுப்புக்கூடக் கிடையாது. பங்குச் சந்தைக்காரர்கள் அந்த எண்ணை ஒவ்வொரு காலையும் பார்த்துக் கும்பிட்டார்கள்: சுழி.

அந்த அத்தியாயத்துக்கு அத்வைத் ஒரு யோசனை வைத்திருந்தார். மரபுப் பிரிவின் துணைத் தலைவர் அவர். வெள்ளைக் காலணி போடுவார். எந்த வாக்கியத்தையும் புன்னகையோடு தொடங்கிப் புன்னகையோடு முடிப்பார்.

“கடைசியா மறுக்கப்பட்ட ஆளைக் கண்டுபிடிங்க நறுமுகை. பத்து வருஷம் முன்னாடி எங்கயோ ஒருத்தருக்கு ‘இல்லை’ன்னு வந்திருக்கும்ல? அதுக்கப்புறம் அவர் எவ்வளவு சந்தோஷமா இருக்கார்னு எழுதுங்க. சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ.”

“அவர் சந்தோஷமா இருக்காரான்னு...”

“இருப்பார். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட மறுப்பே வாங்கலையே.”

ஆள் கிடைத்தார். பெயர் கஸ்பார் கர்வாலோ, ஊர் தூத்துக்குடி. ஊரெல்லாம் முகம் காட்டி வாங்கப் பழகிவிட்ட பிறகும் பழைய இயந்திரத்தை மாற்றாமல் வைத்திருந்த ஒரு மருந்துக்கடையில், மனைவிக்கு ஊசி மருந்து வாங்கப் போய், மறுக்கப்பட்டவர். அந்தக் கடை பிறகு மூடப்பட்டது. இயந்திரம் மட்டும் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

இங்கே ஆல்டோராவின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரமும் வேலை செய்ய வேண்டும் என்பது விட்காம் போட்ட விதி. ஓடாத இயந்திரம் பிணம், பிணத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது நம் வழக்கமல்ல என்று அவர் சொன்னாராம். அதனால் இருநூற்றுப் பன்னிரண்டு இயந்திரங்களும் நிறுவனத்தின் வலையோடு உயிரோடு இணைக்கப்பட்டிருந்தன. எந்தக் கடையின் எண்ணைத் தட்டினாலும் அந்தக் கடையின் இயந்திரம்போலவே நடந்துகொள்ளும். பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் அதில் அட்டை தேய்த்து விளையாடுவார்கள். இவ்வளவு பெரிய நிறுவனம், உலகத்தின் எல்லாக் கதவுகளையும் யோசித்துப் பூட்டியவர்கள், தங்கள் கர்வத்துக்காக இருநூற்றுப் பன்னிரண்டு சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

மருந்துக்கடை இயந்திரத்தையும், கஸ்பாரின் பெயர் பொறித்த பொன்னிற நினைவு அட்டை ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு நறுமுகை ரயிலேறினாள். திட்டம் இதுதான்: அவரை மறுத்த அதே இயந்திரத்தில் அவர் அந்த அட்டையைத் தேய்த்து, அந்த ஊருக்குப் பேர்போன மக்ரூன் இனிப்பு கால் கிலோ வாங்குவார். ‘அனுமதிக்கப்பட்டது’ என்று தாள் வரும். அவர் சிரிப்பார். இவள் படம் எடுப்பாள்.

தூத்துக்குடியில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஐஸ் கம்பெனிகள் இருக்கும் தெரு. பாதி திறந்த தகரக் கொட்டகையில் படகு எஞ்சின் ஒன்று வயிறு பிளந்து கிடந்தது. அதன் அருகே கஸ்பார் கை துடைத்துக்கொண்டு நின்றார். ஐம்பத்து மூன்று வயது. நரைத்த மீசை, முழங்கை வரை கிரீஸ். ஆல்டோராவிலிருந்து வந்திருப்பதாக அவள் சொன்னதும் அவர் கண் விரிந்தது. அவளை உட்கார வைத்து, குடிக்கக் கலர் வாங்கி வரச் சொல்லி, உள்ளே குரல் கொடுத்தார்: “ஜெசிந்தா, வந்துட்டாவ. நெசமான ஆளு.”

நெசமான ஆளு என்று எதற்குச் சொன்னார் என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது.

ஜெசிந்தா மெதுவாக நடந்து வந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமும் பாதமும் வீங்கியிருந்தன. இடது கையில் மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஊசி குத்திக் குத்தி நரம்புகள் கயிறுபோலத் திரண்டிருந்தன. சிறுநீரகம் இரண்டும் போய் ஆறு வருடம். வாரம் மூன்று நாள் பெரியாஸ்பத்திரிக்கு நடந்து போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு, நடந்தே திரும்புகிறாள். இனி குத்த இடமில்லை, அதிகம் போனால் இரண்டு மாதம் என்று டாக்டர் போன வாரம் சொல்லிவிட்டார். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆய்வகத்தில் வளர்த்த சிறுநீரகம் கிடைக்கிறது. பொருத்திவிட்டால் பிழைத்துக்கொள்வாள். இதையெல்லாம் கஸ்பார் எஞ்சின் பழுதைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

படத்துக்காக வழியிலேயே கடையில் எடுத்து வந்திருந்த மக்ரூன் பெட்டியை நறுமுகை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். மதுரையில் விண்ணப்பித்தீர்களா என்று கேட்டாள்.

அங்கிருந்துதான் அவர் கதை தொடங்கியது. ஆறு வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு நேரம் ஒதுக்கக் கேட்கிறார், எல்லா நாளும் நிரம்பியிருக்கிறது. மதுரை பேருந்து அவர் நிற்கும் நிறுத்தத்தில் நிற்பதில்லை. கடன் கேட்கப் போன வங்கிக்கிளை அவர் போன அன்று பராமரிப்புக்காக மூடியிருக்கிறது. ஒருமுறை மீன் லாரியில் ஏறி மதுரைக்கே போய்விட்டார். ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவு அவர் எதிரே திறக்கவில்லை. மன்னிக்கவும், சிறு கோளாறு, சற்று நேரத்தில் சரியாகும் என்று இனிமையான குரலில் சொல்லிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் அடுத்த வாசல் வழியே போனார்கள். இவர் அங்கே போனால் கோளாறும் அங்கே போனது.

“காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் நின்னேன். வாச்மேன் டீ கூட வாங்கிக் குடுத்தாரு. அம்புட்டு மருவாதி. ஆனா இல்லன்னு ஒருத்தன் சொல்லல, தங்கச்சி. பத்து வருசமா ஒருத்தனும் என்னையப் பாத்து இல்லன்னு சொல்ல மாட்டேங்கான். எல்லாவனும் சிரிக்கான்.”

“இவரு எங்கப்பாகிட்ட பொண்ணு கேட்டு எட்டுத் தடவ இல்லன்னு வாங்குனவரு. அது இல்லாம இவருக்குப் பொழுது போகாது” என்றாள் ஜெசிந்தா. சொல்லிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

கஸ்பார் சிரிக்கவில்லை. அவருக்கு வேண்டியது ‘ஆம்’ அல்ல, ‘இல்லை’. அட்டைகளின் காலத்தில் போட்ட மறுப்புச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அவர் ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். அட்டையைத் தேய்த்து மறுக்கப்பட்ட எவரும் ஏழு நாட்களுக்குள் முறையிடலாம். நிறுவனத்தின் அதிகாரி ஒருவர், உயிருள்ள மனிதர், எதிரே உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும். அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்களில் பாதிப்பேர் ஜெயித்தார்கள். ஒரு வீங்கின முகத்தை எதிரே வைத்துக்கொண்டு மறுபடி மறுப்பது மனிதர்களுக்குக் கொஞ்சம் சிரமம். ஆனால் முறையிட வேண்டுமென்றால் முதலில் மறுக்கப்பட வேண்டும். பத்து வருடத்துக்கு முன் அந்த மருந்துக்கடையில் தாள் வந்தபோது அவருக்குச் சட்டம் தெரியாது. கசக்கி எறிந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரை எவரும் கேள்வி கேட்கும் இடத்துக்கே விடவில்லை.

“அந்த மிசினு ஓடுதா?” என்று அவர் பையைப் பார்த்துக் கேட்டார்.

ஓடுகிறது என்று அவள் சொன்னாள்.

“அப்போ மக்ரூன் வேண்டாம். மதுரை ஆஸ்பத்திரி பேரப் போட்டு, கிட்னிக்கு உள்ள தொகையப் போடுங்க. அது இல்லன்னு சொல்லட்டும். அந்தத் தாள மட்டும் எனக்குத் தாங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்.”

நறுமுகை தொலைபேசியோடு தெருவுக்கு வந்தாள். ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு நடுவே அத்வைத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஏதோ கோளாறு நடந்திருக்கிறது, ஒரு மனிதனுக்கு ஆறு வருடமாகக் கதவே திறக்கவில்லை என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கோளாறு எதுவும் இல்லை என்று ஆறுதல் சொன்னார்.

“அதானே மென்வழி. நீங்களே ஒரு அத்தியாயம் எழுதியிருக்கீங்களே.”

எழுதியிருந்தாள். ‘தென்றலைப்போல வாடிக்கையாளரை வழிநடத்தும் மென்வழித் திட்டம்’ என்று எழுதியிருந்தாள். அது எதையெல்லாம் ஊதித் தள்ளும் என்று யோசித்ததில்லை. யோசிக்கச் சம்பளம் இல்லை.

“கேட்டா இல்லைன்னு வரப்போற இடத்துக்கு ஒருத்தரைப் போக விடறது எவ்வளவு கொடுமை, சொல்லுங்க” என்றார் அத்வைத். “நம்ம வலையில இருக்கிற பஸ் நிக்காம போயிடும். கடை மூடியிருக்கும். டாக்டர் லீவுல இருப்பார். அவர் தன் நேரத்தை நொந்துக்குவார், வீட்டுக்குப் போயிடுவார். யாரும் அவரை அவமானப்படுத்தல. முன்னெல்லாம் முறையீடு கேக்கறதுக்கே நம்ம பில்டிங்ல ஒன்பது மாடி. தினமும் அழுகை. இப்ப அங்க ஜிம் இருக்கு.”

“அந்தம்மா செத்துடுவாங்க, அத்வைத்.”

“வருத்தம்தான். ஆனா நம்மால மறுக்கப்பட்டு சாகல. அது முக்கியம்.” அவர் குரலில் புன்னகை அப்படியே இருந்தது. “மக்ரூனை முடிச்சுட்டுக் கிளம்புங்க. வேற எதையும் அந்த மெஷின்ல போட்டுடாதீங்க. அது பழசு, அதுக்கு மென்வழி தெரியாது. ஆமா, இல்லை, ரெண்டுதான் தெரியும். சும்மா பாதியில நிறுத்தினாக்கூட சட்டப்படி மறுப்புன்னுதான் எண்ணுவாங்க. நூறாவது வருஷம், ஞாபகம் வெச்சுக்குங்க. ஜெனீவாவுல உங்க பேர் பேசிட்டிருக்கோம்.”

அவள் தொலைபேசியைப் பையில் போட்டாள். ஜெனீவாவைப் பற்றி நினைத்தாள், அதை மறைப்பானேன். ஏரி தெரியும் வீடு, பனி, நல்ல ரொட்டி. எல்லாவற்றையும் ஒழுங்காக நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கதவு அவளுக்குத் தானாகத் திறந்தது. அதே கதவுதான் மதுரையில் ஒருவரைக் காலையிலிருந்து மத்தியானம் வரை இனிமையான குரலில் நிற்க வைத்தது என்ற எண்ணம் வந்ததும் ஜெனீவா கொஞ்சம் அசிங்கமாகத் தெரிந்தது.

கொட்டகைக்குள் வந்து மக்ரூன் பெட்டியை ஜெசிந்தாவின் கையில் கொடுத்தாள். இயந்திரத்தைப் பணிமேசையில் வைத்து, ஆஸ்பத்திரியின் எண்ணையும் தொகையையும் தட்டினாள். எண்கள் தேய்ந்திருந்ததால் இரண்டு முறை தவறியது. கஸ்பார் கையை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துக்கொண்டு, பொன்னிற அட்டையைக் கோயில் காரியம்போலப் பயபக்தியோடு தேய்த்தார்.

ஆல்டோரா ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. நறுமுகை அதைப் புத்தகத்தில் இரண்டு இடங்களில் வியந்து எழுதியிருந்தாள். இந்த முறை ஒரு நிமிடம் ஆயிற்று. சின்னத் திரையில் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது என்று பிறகு அவள் விசாரித்து அறிந்தாள். கேள்வி ஒரு கணினியிலிருந்து அதற்கு மேலான கணினிக்கும், அங்கிருந்து அதற்கும் மேலான ஒன்றுக்கும் ஏறிப் போயிருக்கிறது. இந்த ஆளிடமிருந்து இந்தப் பணம் திரும்பி வராது என்பதில் எந்தக் கணினிக்கும் ஐயமில்லை. ஆனால் பத்து ஆண்டுகளின் சுழி, ஒன்று என மாறினால் அன்றைக்குச் சந்தையில் என்ன ஆகும் என்று மேலே ஒன்று கணக்கிட்டது. சிறுநீரகம் மலிவாக இருந்தது. இரக்கம் என்று சொல்லும்படி எள்ளளவும் அதில் இல்லை.

தாள் கரகரவென்று வெளியே வந்தது. கஸ்பார் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“என்னது இது?” தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். “ஆமான்னு போட்டிருக்கு.”

அனுமதிக்கப்பட்டது, ஆல்டோராவைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி என்றது தாள். கஸ்பார் அதைத் திருப்பிப் பார்த்தார். முறையிடுவதற்கு ஒன்றுமில்லாமல் போனதே என்ற ஏமாற்றம்தான் அவர் முகத்தில் முதலில் வந்தது. பத்து வருடமாகச் சேர்த்து வைத்த பேச்சு நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது. எதிரே உட்காரப்போகும் அதிகாரியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் எத்தனையோ தடவை எஞ்சினிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

முதலில் விஷயத்தைப் பிடித்தவள் ஜெசிந்தா. மக்ரூன் பெட்டியைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அப்போ இத்தன நாளும் அவியளால குடுக்க முடிஞ்சிருக்கு. அப்படித்தானே?”

நறுமுகையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

பதினொரு நிமிடத்தில் மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. நாளைக்கே இடம் காலியாக இருக்கிறதாம். அரை மணியில் ஆம்புலன்ஸ் அந்தத் தெருவுக்குள் நுழைந்தது. பல வருடங்களாக ஒரு ஆட்டோகூட நின்றறியாத தெருவில் அது வெள்ளையாய்ப் பளபளத்துக்கொண்டு வந்து, மெத்தென்று நின்று, தானே கதவைத் திறந்தது. ஐஸ் கம்பெனி ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பக்கத்து வீட்டு செலஸ்டின் என்ற பெண் மட்டும் ஆம்புலன்ஸைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த இயந்திரத்தைப் பார்த்தாள்.

“அக்கா, இது கஸ்பார் அண்ணனுக்கு மட்டுந்தானா? எங்க வீட்டுப் பெட்டிக்குள்ள பழைய அட்ட ஒண்ணு கெடக்கு” என்று தயங்கிக் கேட்டாள். அவள் மகனுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. கண்ணாஸ்பத்திரி எப்போதும் நிரம்பியிருக்கிறது.

கடைகளின் எண்ணை எப்படித் தட்டுவது என்று நறுமுகை அவளுக்குக் காட்டிக் கொடுத்தாள். மின்னேற்றும் கம்பியையும், மிச்சமிருந்த தாள்சுருள் ஆறையும் மேசைமேல் வைத்தாள். பையை மூடிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினாள். இயந்திரத்தை மறதியாக விட்டு வந்ததாக அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். பொய் எழுதுவது அவளுக்குப் புதிதல்ல, ஆறு வருட அனுபவம்.

சென்னையில் எழும்பூரில் இறங்கியபோது வண்டி எதுவும் கிடைக்கவில்லை. அதிக நெரிசல், சற்றுப் பொறுக்கவும் என்றது கைபேசி. பேருந்து அவளைத் தாண்டிப் போய் நின்றது, ஓடினால் கிளம்பியது. அன்றைக்கு அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் மளிகைக்கடை அவள் போகும்போது இருப்பெடுக்க மூடியிருந்தது. அடுத்த நாள் அலுவலக மின்தூக்கி கதவைத் திறந்து, மன்னிக்கவும், எடை கூடிவிட்டது என்றது. உள்ளே ஒருவரும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் இனி எதையாவது கேட்கக் கூடியவள் என்று மென்வழி முடிவு செய்துவிட்டது.

யாரும் அவளை வேலையிலிருந்து நீக்கவில்லை. அப்படி ஒரு சொல் ஆல்டோராவில் வழக்கில் இல்லை. அவளுடைய அறை சீரமைப்பில் இருந்தது. புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை வேறொருவர் எழுதி முடித்துவிட்டதாக வாழ்த்துச் செய்தி வந்தது. அதில் கஸ்பார் கையில் மக்ரூனோடு பல் தெரியச் சிரிக்கும் படம் இருந்தது. படத்தை யாரும் எடுக்கவில்லை, கணினி வரைந்தது. மீசையைக் கறுப்பாக்கியிருந்தது.

அவள் நடக்கப் பழகினாள். அவள் வீடு இருந்த செம்மஞ்சேரியிலிருந்து பாலத்தடி சந்தைக்கு ஒன்றரை மணி நேரம். சாலையில் அவ்வளவு பேர் நடப்பதை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. பார்த்திருந்தாள், எண்ணியதில்லை. யாரும் உடம்புக்காக நடக்கவில்லை. சந்தையில் கைக்காசுக்கு விற்கும் நாலைந்து கிழங்குக் கடைகள் இருப்பதும், அங்கே மட்டும் வியாபாரிகள் “இல்லம்மா, தீந்துடுச்சு, போ” என்று முகத்துக்கு நேராக விரட்டுவதும் அவளுக்குத் தெரியவந்தது. முதல் தடவை அப்படிக் கேட்டபோது அவள் சிரித்துவிட்டாள். கடைக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மூன்றாவது வாரத்தில் கஸ்பார் தொலைபேசியில் அழைத்தார். குரல் அடங்கவில்லை.

“ஒண்ணுக்குப் போனா, தங்கச்சி. ஆறு வருசம் கழிச்சு இன்னைக்குக் காலைல ஜெசிந்தா ஒண்ணுக்குப் போனா. நர்சு வந்து அளந்து பாத்து கைதட்டுது. நான் வராண்டால போற வாறவன்கிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுக் கெடக்கேன்.”

அவள் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நல்லா இருக்கட்டும் என்றாள். கஸ்பார் ஊர் நிலவரத்தையும் சொன்னார். செலஸ்டின் மகனுக்குக் கண் ஆப்பரேஷன் முடிந்துவிட்டது. கொட்டகை வாசலில் வரிசை நிற்கிறது. வரிசை ஐஸ் கம்பெனியைத் தாண்டி, மாதா கோயிலைத் தாண்டி, கடற்கரை வரை போகிறது. கோவில்பட்டியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் நடந்தே வருகிறார்கள். எவருக்கும் இதுவரை இல்லை என்று வரவில்லை. கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் மிசினை வாங்க வந்தார்கள். ஆனால் எந்த நேரமும் யாராவது ஒருவர் அட்டையைத் தேய்த்துவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்கிறார். பாதியில் பிடுங்கினால் சட்டப்படி அது மறுப்பு. அவர்கள் இரண்டு நாள் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் அத்வைத்திடமிருந்து செய்தி வந்தது. உடனே பார்க்க வேண்டும். நறுமுகை வெயிலில் நடந்து வளாகத்துக்குப் போனாள். கதவு சீரமைப்பில் இருந்ததால் வெளியிலேயே நின்றாள். அத்வைத் பதினேழு மாடி இறங்கி அவளிடம் வந்தார். வெள்ளைக் காலணியில் புழுதி படிந்தது.

அவர் அவள் உடல்நலத்தை விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அந்த வரிசையைப் பார்த்துப் பேச ஒருவர் வேண்டும். அவர்கள் நம்பக்கூடிய ஒருவர். கஸ்பாரிடம் சொல்லி, ஒரு அரை மணி நேரம், யாரும் தேய்க்காத அரை மணி நேரம் கிடைத்தால் போதும்.

“அவங்ககிட்ட என்ன சொல்லணும்? ‘இல்லை’ன்னு சொல்லணுமா?”

“அந்த வார்த்தை வேண்டாமே. இன்னிக்கு ஓய்வு, நாளைக்கு வாங்கன்னு இதமா சொல்லுங்க. உங்களுக்குத்தான் மொழி நல்லா வருமே.” அவர் இன்னும் அருகே வந்தார். “லிப்ட், பஸ், கடை எல்லாம் இப்பவே சரியாயிடும். ஜெனீவாவும் இன்னும் காலியாத்தான் இருக்கு. வர்றீங்கல்ல?”

சாலையில் ஒரு வண்டி அவளுக்காகவே வந்தது போலத் தயங்கி நின்று கதவைத் திறந்தது. உள்ளிருந்து குளிர்ந்த காற்று அவள் கால்களில் பட்டது. மூன்று வாரம் நடந்த கால்கள். அவை ஆசைப்பட்டதை அவள் மறுக்க முடியாது.

“முடியாது, அத்வைத்” என்றாள்.

அத்வைத் புன்னகையோடு காத்திருந்தார். வாக்கியம் முடியவில்லை, இனிமையான மிச்சப்பகுதி இனிமேல்தான் வரும் என்று எதிர்பார்ப்பவர்போல இருந்தார். ஒன்றும் வரவில்லை. புன்னகை மெல்ல இடம் தெரியாமல் போயிற்று. அவர் கதவைப் பார்த்தார், திறந்து நின்ற வண்டியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதில் அவர் முகம் முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விடப்பட்ட குழந்தையின் முகமாக இருந்தது.

“இப்ப நான் என்ன பண்றது?” என்று கேட்டார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

“தெரியல. நானும் மூணு வாரமாத்தான் பழகிட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.